ஹாஷிமோட்டோ உள்ளவர்கள் கழுத்துக் கட்டியைக் கவனிப்பது எப்படி

ஹாஷிமோட்டோ என்ற தைராய்டு நோய்க்காக 11 வருடமாகத் தைராக்சின் மாத்திரை போடுகிறேன். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு சரியாக இருந்தால் தைராய்டும் சரியாக இருக்கிறது என்றே நம்பியிருந்தேன். ஒருநாள் நான் தண்ணீர் குடிக்கும்போது மகள் சொன்னாள்: "அம்மா, உன் கழுத்துல என்னமோ ஏறி இறங்குது." சுரப்பி எவ்வளவு வேலை செய்கிறது என்பதைத்தான் டி.எஸ்.எச். காட்டும். உள்ளே கட்டி இருக்கிறதா என்று அது சொல்லாது.

நீங்களும் பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, ஒரு வாய்த் தண்ணீரை விழுங்குங்கள். குரல்வளைக்குக் கீழே, காறை எலும்புக்கு மேலே பார்வை இருக்கட்டும். விழுங்கும்போது ஒரு மேடு ஏறி இறங்கினால் அது பெரும்பாலும் தைராய்டைச் சேர்ந்தது. எதுவும் தெரியவில்லை என்றாலும் கட்டியே இல்லை என்று ஆகிவிடாது. சிறியவை ஸ்கேனில்தான் அகப்படும்.

ஸ்கேனுக்குப் படுத்ததும் முதலில், "எனக்கு ஹாஷிமோட்டோ இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். இந்த நோயில் நம் எதிர்ப்பு அணுக்களே சுரப்பிக்குள் புகுந்து அதை அழிப்பதால், படத்தில் சுரப்பி திட்டுத்திட்டாகத் தெரியும். சில திட்டுகள் கட்டி மாதிரியே ஏமாற்றும். பக்கத்து நெறிக்கட்டிகளும் பெருத்திருக்கலாம். பார்ப்பவருக்கு இது முன்பே தெரிந்திருந்தால் நல்லது.

ரிப்போர்ட்டில் நான் அளவை மட்டும் படித்துவிட்டு இரவெல்லாம் விழித்திருந்தேன். 17 மில்லிமீட்டர். ஆனால் அளவைவிட முக்கியமானது கட்டியின் குணம். அது நீர்க்கட்டியா, திடமானதா? சுற்றியுள்ள திசுவைவிடக் கருமையாக இருக்கிறதா? அகலத்தைவிட உயரம் அதிகமா? விளிம்பு ஒழுங்கற்றதா? பொடிப்பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளிகள் உண்டா? இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் போட்டு 1 முதல் 5 வரை தரும் வகைதான் டைராட்ஸ். அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரியின் முறைப்படி, வகை 5 என்றால் 1 சென்டிமீட்டரிலிருந்தும், 4 என்றால் 1.5 சென்டிமீட்டரிலிருந்தும், 3 என்றால் 2.5 சென்டிமீட்டரிலிருந்தும் ஊசிப் பரிசோதனை, அதாவது கட்டியிலிருந்து ஊசியால் செல்களை எடுத்துப் பார்ப்பது, சொல்வார்கள். என்னுடையது வகை 4.

ஊசிக்கு நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது. உள்ளே இருக்கும்போது மட்டும் விழுங்கக் கூடாது, பேசக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

முடிவு பெதஸ்டா என்ற 6 படிகளில் வரும்: 2 தீங்கற்றது, 6 புற்றுநோய். எனக்கு 3 வந்தது. அதாவது தெளிவில்லை. ஹாஷிமோட்டோவின் அழற்சியிலேயே செல்கள் உருமாறித் தெரிவதால் நம்மைப் போன்றவர்களுக்கு இந்தக் குழப்பம் வரலாம் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். 3 வந்ததும் உடனே அறுவை சிகிச்சைக்குத் தயாராகிவிடாதீர்கள். மறுபடி ஊசி போட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள். 3 மாதம் கழித்து எனக்கு 2 வந்தது.

அப்புறம், எல்லோரும் கேட்கும் கேள்வி: ஹாஷிமோட்டோ புற்றுநோயாக மாறுமா? அறுவை சிகிச்சையில் எடுத்த சுரப்பிகளில் ஹாஷிமோட்டோவும் பாப்பிலரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோயும் சேர்ந்தே காணப்படுவது உண்டு. ஆனால் ஒன்றுதான் மற்றதைக் கொண்டுவருகிறது என்று ஆய்வுகள் உறுதியாகச் சொல்லவில்லை. தைராய்டு கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே அல்ல. பாப்பிலரியும் நன்றாகக் குணமாகக்கூடிய வகைதான்.

ஹாஷிமோட்டோவோடு உறுதியான தொடர்பு உள்ளது தைராய்டு லிம்போமாவுக்கு, அதாவது எதிர்ப்பு அணுக்களில் தோன்றும் புற்றுநோய்க்கு. மிக அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் ஹாஷிமோட்டோ சுரப்பியில்தான் வரும். அதனால் கழுத்து சில வாரங்களிலேயே வேகமாக வீங்கினாலோ, குரல் கம்மினாலோ, மூச்சோ விழுங்குவதோ சிரமமானாலோ அடுத்த ஸ்கேன் தேதிவரை தயவுசெய்து காத்திருக்காதீர்கள். மூச்சுத் திணறினால் அன்றைக்கே போங்கள்.