ஆறு நிமிடக் காணொளி, நாற்பது நிமிட வகுப்பு

இதயத்தில் மின்சமிக்ஞை பரவும் விதத்தை நடத்த, முதல்முறை 40 நிமிடக் காணொளி ஒன்றை ஓடவிட்டு, மூலையில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். "புரிந்தது மேடம்" என்று வகுப்பே சொன்னது. மறுநாள், இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே சமிக்ஞை கடந்துபோகும் ஏ.வி. கணுவின் வேலை என்ன என்று கேட்டேன். "மஞ்சளாக மின்னியதே, அதுதானே மேடம்?" என்றாள் ஒருத்தி. மற்றவர்களிடமிருந்து அதுவும் வரவில்லை. தவறு அவர்களுடையதல்ல.

இப்போது என் வகுப்பில் எந்தக் காணொளியும் ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை. அந்த ஆறு நிமிடத்தை நடத்தத்தான் நாற்பது நிமிடம் ஆகிறது.

காணொளி எல்லாப் பாடத்துக்கும் பொருந்தாது. இதயத் துடிப்பு, சிறுநீரகத்தின் நுண்வடிகட்டியான நெஃப்ரானில் சோடியமும் நீரும் போகும் வழி என்று நகர்ந்துகொண்டே இருப்பவற்றுக்குத்தான் அது தேவை. கரும்பலகையில் நான் போடும் அம்புக்குறிகள் அசைவதில்லை. டிரிப் கணக்கு வேறு வகை. 500 மி.லி., 4 மணி நேரம், மில்லிக்கு 20 துளி என்றால் நிமிடத்துக்குச் சுமார் 42 துளி. பார்த்தால் வராது, போட்டால்தான் வரும்.

காணொளியை முன்னதாக முழுவதும் பாருங்கள். வெளியான ஆண்டையும் பாருங்கள். இதயம் நின்றவருக்குச் செய்யும் சி.பி.ஆர். முதலுதவியின் வரிசையை 2010-ல் அமெரிக்க இதயச் சங்கம் மாற்றி, மூச்சுக் கொடுப்பதற்கு முன்பே மார்பை அழுத்தத் தொடங்கச் சொன்னது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வரம்பு 2015-ல் வந்தது. பழைய காணொளி அழகாக எடுக்கப்பட்டிருந்தால் இன்னும் ஆபத்து, அப்படியே நம்பிவிடுவார்கள்.

ஓடவிடும் முன் ஒரே ஒரு கேள்வியைப் பலகையில் எழுதுங்கள். என் கேள்வி: "மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் சமிக்ஞை நடுவில் ஏன் தயங்குகிறது?" சமிக்ஞை ஏ.வி. கணுவைத் தொட்டதும் நிறுத்திவிடுகிறேன். அடுத்து என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுத வேண்டும். கை தூக்கச் சொன்னால் எப்போதும் அதே மூன்று கைகள்தான் எழும். எழுதிய பிறகு தொடர்ந்து ஓடவிட்டு, அந்த 0.1 விநாடித் தாமதத்தில் மேலறைகள் சுருங்கி மீதி ரத்தத்தைக் கீழே தள்ளுவதைக் காட்டுகிறேன்.

அடுத்த முறை ஒலியை நிறுத்திவிட்டு, பாதி வேகத்தில். ஒருவர் எழுந்து வர்ணனை சொல்ல வேண்டும். "அப்புறம் அது அங்கே போய்..." என்று இழுத்தால் விடமாட்டேன். எது? எங்கே? வகுப்பில் சிரிப்பு எழும், எழட்டும். அவர் திணறும் இடத்துக்குப் பத்து விநாடி பின்னால் போய் மீண்டும் ஓடவிடுகிறேன். எதை நான் சரியாகச் சொல்லித்தரவில்லை என்பது எனக்கும் அங்கேதான் தெரிகிறது.

பிறகு திரையை அணைத்துவிட்டு இ.சி.ஜி. தாளைக் கையில் கொடுக்கிறேன். தாள் விநாடிக்கு 25 மி.மீ. வேகத்தில் ஓடினால் ஒரு சிறு கட்டம் 0.04 விநாடி. மேலறைகளில் சமிக்ஞை பரவுவதைக் காட்டும் பி அலையின் தொடக்கத்திலிருந்து, கீழறைகளில் பரவுவதைக் காட்டும் கியூ.ஆர்.எஸ். அலைகளின் தொடக்கம் வரை மூன்று முதல் ஐந்து கட்டம் இருக்க வேண்டும். எட்டுக் கட்டம் உள்ள தாள் ஒன்றையும் நடுவில் சொருகி வைக்கிறேன். சமிக்ஞை எங்கே மாட்டிக்கொண்டது என்று அவர்களே தேடட்டும்.

காணொளியின் இணைப்பை அன்று மாலைதான் அனுப்புகிறேன். காலையிலேயே அனுப்பினால், நான் நிறுத்தும் இடத்தில் விடை எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.