மச்சில் பாத்ரூம்: கொத்தனாருக்கு முன்னால் ஆசாரியைக் கூப்பிடுங்கள்

தக்கலை, பத்மநாபபுரம் பக்கம் பழைய ஓட்டு வீடுகளில் பலகை பாவிய மச்சு இருக்கும். நெல்லும் தேங்காயும் கிடந்த அந்த இடத்தை இப்போது படுக்கையறையாக்கி, ஓரத்தில் ஒரு பாத்ரூமும் போடுகிறார்கள். நாங்களும் போட்டோம். இரண்டாம் ஆடிச் சாரலுக்குள் டைல்ஸ் இடுக்கை அடைத்த கிரவுட் பூச்சு விரிந்து, கீழே அடுக்களையில் சொட்ட ஆரம்பித்தது. “கிரவுட்டைச் சுரண்டிட்டு வேற போட்டா சரியாயிரும்” என்றார் கொத்தனார். போட்டோம். மூன்றே மாதத்தில் அதே கோட்டில் மறுபடியும் விரிசல்.

கிரவுட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, தரை குலுங்குகிறது. ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி நடுவில் வையுங்கள். பக்கத்தில் ஒருவர் நடக்கட்டும். எங்கள் வீட்டில் தண்ணீர் வழிந்தே விட்டது. மரத்தரை எவ்வளவு வளையலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: பாரம் ஏறும்போது உத்திர நீளத்தில் 360-ல் ஒரு பங்குக்கு மேல் தாழக்கூடாது. 12 அடி உத்திரத்துக்கு அது சுமார் 10 மில்லிமீட்டர். கிரானைட், மார்பிள் என்றால் அதில் பாதிதான்.

அடுத்த தவறு, “கனமா கலவை போட்டா அடங்கிரும்” என்ற நம்பிக்கை. 5-க்கு 7 அடி பாத்ரூமில் 2 அங்குலக் கலவை போட்டால் 300 கிலோவுக்கு மேல் வரும். ஐந்து பேர் ராத்திரி பகலாக அங்கேயே நிற்கிற மாதிரி. குலுக்கம் குறையாது, உத்திரம்தான் தொய்யும்.

முதலில் உத்திரத்தின் நுனிகளைப் பாருங்கள். சுவருக்குள் புதைந்த இடத்தில்தான் ஈரம் தங்கும், சிதலும் (கறையான்) அங்கேதான் ஏறும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் பொதபொதவென்று இறங்குகிறதா? அப்படியென்றால் அதை மாற்றியே ஆக வேண்டும். மரம் நல்லதாக இருந்தால், பக்கத்தில் இன்னொரு சட்டத்தை ஒட்டிப் போல்ட் போடலாம். அதே அளவுச் சட்டம் என்றால் விறைப்பு இரண்டு மடங்கு. அகலத்தைவிட உயரம் முக்கியம்: உயரம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. கீழே அறையில் இடம் இருந்தால் நடுவில் ஒரு தாங்கு உத்திரம் கொடுப்பதுதான் சிறந்த வழி. எங்கள் ஆசாரி அதைத்தான் செய்தார், அரை நாள் வேலை.

பழைய பலகையில் நேராக டைல்ஸ் ஒட்டாதீர்கள். மழையில் உப்பி, பங்குனி வெயிலில் சுருங்கும். மேலே 19 மில்லிமீட்டர் வாட்டர்ப்ரூஃப் பிளைவுட், அதன்மேல் சிமெண்ட் போர்டு. சிமெண்ட் போர்டு மட்டும் போட்டால் போதும் என்பார்கள். அது டைல்ஸ் பிடிக்கத்தான், விறைப்புக்கு உதவாது. குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரம் என்றால் ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவே இருக்கட்டும்.

ஒட்டுவதற்கு வளைந்து கொடுக்கும் பாலிமர் பசை. தரையும் சுவரும் சேரும் மூலையில் கிரவுட் வேண்டாம், சிலிக்கான் போடுங்கள்.

கான்கிரீட் தளம் என்றால் கதை வேறு. அங்கே டைல்ஸ் ‘டொக் டொக்’ என்றால் பெரும்பாலும் அடியில் கலவை சரியாக நிரம்பாததுதான் காரணம்.

மச்சில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், வாட்டர்ப்ரூஃபிங் பூசி நன்றாகக் காய்ந்ததும் தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் கட்டுங்கள். மறுநாள் டார்ச்சோடு கீழே போய் ஒவ்வொரு பலகை இடுக்கையும் பாருங்கள். ஒரு சொட்டு தெரிந்தாலும் டைல்ஸ் பெட்டியைப் பிரிக்காதீர்கள்.