எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறியபோது நிர்வாகப் பக்கம் சுழன்ற கதை

வலைத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் என் தளத்தை, மறையாக்கம் இல்லாத எச்டிடிபியிலிருந்து மறையாக்கப்பட்ட எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றினேன். அதற்குத் தேவையான சான்றிதழ் பெறுவது எளிதாகவே முடிந்தது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. பிறகு அமைப்புகளில் வேர்ட்பிரஸ் முகவரி, தள முகவரி இரண்டையும் எச்டிடிபிஎஸ் என மாற்றிச் சேமித்தேன். முகப்பு திறந்தது, நிர்வாகப் பக்கமோ திறக்கவே இல்லை. திசைதிருப்பல்கள் அளவு மீறிவிட்டன என்று உலாவி முறையிட்டது.

காரணம், சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் இடைநிலை சர்வரான ப்ராக்ஸி. வாசகரிடமிருந்து ப்ராக்ஸி வரை இணைப்பு மறையாக்கப்பட்டு வருகிறது; அங்கிருந்து சர்வருக்கு வெறும் எச்டிடிபி. வேர்ட்பிரஸ் அதை மட்டும் பார்த்து, 'பாதுகாப்பான முகவரிக்குப் போ' என்று திரும்பத் திரும்ப அனுப்புகிறது. நீதிமன்ற வாய்தா போல முடிவே இல்லை.

வாசகரின் இணைப்பு எந்த வகை என்று சொல்ல, கோரிக்கையோடு ப்ராக்ஸி அனுப்பும் குறிப்பு 'எக்ஸ்-ஃபார்வர்டெட்-புரோட்டோ' தலைப்பு. அதில் எச்டிடிபிஎஸ் என்று இருந்தால், சர்வரின் எச்டிடிபிஎஸ் மாறியை 'ஆன்' ஆக்கும் சிறு நிபந்தனையை வேர்ட்பிரஸின் கான்ஃபிக் (அமைவு) கோப்பின் மேற்பகுதியில் சேர்த்தேன். கதவு திறந்தது. (ப்ராக்ஸியைத் தாண்டி யாரும் சர்வரை நேரடியாக அடைய முடியாதபோதுதான் இந்தத் தலைப்பை நம்பலாம்.)

அடுத்து, பழைய பதிவுகளில் கிடந்த எச்டிடிபி முகவரிகள். தரவுத்தளத்தில் நேரடியாக எஸ்க்யூஎல் கட்டளையால் மாற்றுவது ஆபத்து. சில அமைப்புகள் எழுத்து எண்ணிக்கையோடு சேர்த்தே சேமிக்கப்படுகின்றன. கூடுதலாக ஓர் 'எஸ்' நுழைந்தால் கணக்கு தவறி, அவை படிக்க முடியாமல் போகும். வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவி எண்ணிக்கையையும் சேர்த்துத் திருத்துகிறது. காப்புப் பிரதி எடுத்து, எதையும் மாற்றாத ஒத்திகை ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு பதிவின் மாறக் கூடாத அடையாளம் இருக்கும் 'கைட்' நெடுவரிசையை விலக்கிவிட்டு ஓட்டினேன்.

ஓர் எழுத்துரு மட்டும் வரவில்லை. தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமின் சிஎஸ்எஸ் (வடிவமைப்பு) கோப்பிலேயே பழைய எச்டிடிபி முகவரி இருந்தது. அதைக் கையால் திருத்தினேன்.