காரில் மகளுக்கு அடிக்கடி சிறுநீர் வந்ததற்குக் காரணம் கால்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 570 கிலோமீட்டர். நான்கு வயது மகளை வழியில் ஹாரிஸ்மித் என்ற ஊரின் பெட்ரோல் நிலையத்தில் கழிப்பறைக்கு அழைத்துப் போய் வருவோம். அடுத்த ஊரான வார்டன் வருவதற்குள் மறுபடியும் "அம்மா, வருகிறது" என்பாள். என்-3 நெடுஞ்சாலையில் சரக்கு லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. ஓரத்தில் நிறுத்தி இறக்குவது ஆபத்து.

முதலில் தண்ணீரைக் குறைத்தோம். சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தியதால் நிலைமை மோசமானது. மருத்துவரிடம் பரிசோதித்தோம், தொற்று இல்லை. காரில் கொண்டுபோன பிளாஸ்டிக் பானையில் உட்காரவே மறுத்தாள்.

வீட்டில் இந்தத் தொல்லை இல்லையே என்று யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. வீட்டுக் கழிப்பறையில் அவள் பாதத்துக்குக் கீழே சிறு முக்காலி இருக்கிறது. வெளியே கால்கள் தொங்குகின்றன. விழுந்துவிடாமல் இருக்கத் தொடையை இறுக்கி, விளிம்பைப் பிடித்துக்கொள்கிறாள். இடுப்படித் தசைகள் தளராவிட்டால் பை முழுதாகக் காலியாகாது. மிச்சம் இருப்பதுதான் சீக்கிரமே மறுபடி முட்டுகிறது.

இப்போது மடக்கு முக்காலி ஒன்று முன் இருக்கைக்கு அடியில் கிடக்கிறது. பாதம் பதிந்து, முழங்கால் விரிந்து, சற்று முன்னால் சாய்ந்து உட்கார்கிறாள். முடிந்ததும் உடனே எழுப்புவதில்லை. இருபது வரை எண்ணச் சொல்லி, மறுபடி முயலச் சொல்கிறேன். அந்த இரண்டாம் முறையில் வரும் அளவு வியப்பூட்டும். தண்ணீரும் வழக்கம்போலக் குடிக்கிறாள். போன பயணத்தில் ஹாரிஸ்மித்துக்குப் பிறகு, வார்டனையும் தாண்டி, வில்லியர்ஸ் ஊரில்தான் நிறுத்தினோம். அப்பாடா என்றிருந்தது.

முக்காலி இல்லாத இடத்தில் கழிப்பறை இருக்கையின் பின்னாலுள்ள தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி திருப்பி உட்கார வைக்கலாம். தொடைக்குப் பிடிமானம் கிடைக்கும்.