ஏஆர்-15க்கு மேகசின் வாங்கணும்: மெட்டலா, பாலிமரா?

ஹூஸ்டன் பக்கம் இருக்குற தம்பி ஒருத்தன் போன மாசம் தன்னோட முதல் ஏஆர்-15 துப்பாக்கிய வாங்கிட்டு கடையில நின்னுக்கிட்டே எனக்கு போன் அடிக்கிறான், "அண்ணே, அலுமினிய மேகசின் 12 டாலர், பிளாஸ்டிக்கும் கிட்டத்தட்ட அதே விலைதான், எதை எடுக்கட்டும்?"னு. கடைக்காரர் எதிர்ல நிக்கும்போது பாடம் எடுக்க முடியுமா, "பிளாஸ்டிக் மூணு, அலுமினியம் ரெண்டு எடுத்துக்க, மிச்சத்தை வீட்டுக்கு வா சொல்றேன்"னு வெச்சுட்டேன். வீட்டுக்கு வந்தவனுக்கு சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவா இங்க எழுதுறேன். மேகசின்னா தோட்டாவை அடுக்கி துப்பாக்கிக்கு கீழ சொருகுற டப்பா, பாலிமர்னா அந்த கெட்டி பிளாஸ்டிக்தான்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு, நம்ம ஆளுங்க நிறைய பேர் கவனிக்காம விடுறது. அமெரிக்காவுல எச்-1பி, எஃப்-1 மாதிரி தற்காலிக விசாவுல இருக்குறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்க ஃபெடரல் சட்டப்படி தடை இருக்கு, செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ் இருந்தா மாதிரி சில விலக்கு மட்டும்தான். கிரீன் கார்டு வந்தா கதை வேற. நண்பர் கூப்பிட்டார்னு சுட்டுப் பழகுற இடத்துக்கு, அதான் ரேஞ்சுக்கு, போய் கையில எடுத்து சுடுறதுகூட இதுக்குள்ள வரும், அதனால முதல்ல உங்க விசா நிலைமைய பாருங்க, மேகசின் எல்லாம் அப்புறம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஊர்ல பித்தளைக் குடம் கை தவறி விழுந்தா சொட்டை விழும், ஆனா ஒழுகாது, அந்த சொட்டையோடவே பத்து வருஷம் தண்ணி பிடிப்பாங்க. பிளாஸ்டிக் குடம் விழுந்தா ஒண்ணுமே ஆகாது, எகிறி உருண்டு ஓடும், ஆனா என்னைக்காவது ஒரு நாள் விழுறப்ப பொளந்துக்கும். மேகசினும் இதே கதைதான், ஒரே ஒரு வித்தியாசம், குடத்துக்கு சொட்டை பரவாயில்ல, மேகசினுக்கு சொட்டைதான் வினையே. மெட்டல் வளைஞ்சா வளைஞ்சபடியே நின்னுடும், அதுவும் அரை மில்லிமீட்டர் வளைஞ்சிருந்தா கண்ணுக்கு நல்லாத்தான் தெரியும், ஆனா தோட்டா சரியா ஏறாது. பாலிமர் வளைஞ்சுட்டு திரும்ப பழைய இடத்துக்கே வந்துடும், முடியாதப்ப விரிசல் விடும், விரிசல் விட்டா குப்பையில போட்டுடலாம். எது ஒசத்தின்னு கேக்குறதை விட எது எப்படி கெட்டுப்போகும்னு கேட்டு வாங்குறதுதான் என் வழி.

மேகசின்ல வேலை நடக்குற இடம் மேல இருக்குற அந்த ரெண்டு உதடு, ஃபீட் லிப்னு சொல்லுவாங்க. தோட்டாவை பிடிச்சு நிறுத்துறதும், தோட்டாவை குழாய்க்குள்ள தள்ளுற துண்டான போல்ட் முன்னாடி தள்ளும்போது சரியான கோணத்துல விடுறதும் அதுதான். அது விரிஞ்சா தோட்டா உயரமா நிக்கும், சில நேரம் ரெண்டு தோட்டா சேர்ந்து பாஞ்சுடும், குறுகினா போல்ட் தள்ளுறப்ப தோட்டா வர மறுக்கும். அப்புறம் உள்ளே தோட்டாவை தாங்கிட்டு ஏறி இறங்குற ஃபாலோயர், அதுக்கு கீழ ஸ்பிரிங். உடம்பு மெட்டலா பிளாஸ்டிக்கான்னு நாம மண்டைய உடைச்சுக்கிட்டு இருக்கும்போது, துப்பாக்கி ஜாம் ஆகுறது பெரும்பாலும் இந்த மூணுல எதாவது ஒண்ணாலதான்.

அலுமினிய மேகசின் கதை ஏஆர்-15ஓட ராணுவ அண்ணன் எம்16 கூடவே ஆரம்பிக்குது. முதல்ல வந்தது 20 ரவுண்டு, அதாவது 20 தோட்டா பிடிக்கிறது, நேரா இருக்கும், வியட்நாம் போர் நடக்குறப்பதான் 30 ரவுண்டு வந்துச்சு. தோட்டா கொஞ்சம் குறுகலா போறதால நிறைய அடுக்கினா அடுக்கு தானா வளையும், ஆனா துப்பாக்கில மேகசின் போற குழி, மேக்வெல்னு சொல்றது, நேரானதுக்காக செஞ்சது. அதனாலதான் ஏஆர் மேகசின் மேல நேராவும் கீழ வளைஞ்சும் ஒரு மாதிரி இருக்கு, அந்த வளைவுலதான் பழைய ஃபாலோயர் சாய்ஞ்சு மாட்டிக்கும். பச்சை ஃபாலோயர் வந்துச்சு, 2009ல சாயாத டான் கலர் ஃபாலோயர் வந்துச்சு, 2016ல எம்855ஏ1 தோட்டாவுக்குன்னு நீல ஃபாலோயரோட புது மேகசினே ராணுவம் கொண்டு வந்துச்சு. பழைய மேகசின் வாங்குறீங்கன்னா ஃபாலோயர் கலரைப் பார்த்தே ஓரளவு வயசு சொல்லிடலாம், ஆனா யாரோ உள்ள மாத்தியும் இருக்கலாம், ஜாதகம் மாதிரி முழுசா நம்பிடாதீங்க. அடியில இருக்குற தட்டுல கம்பெனி பேர் இருக்கும், ஓகே இண்டஸ்ட்ரீஸ், டி அண்ட் எச் மாதிரி தெரிஞ்ச பேரா இருந்தா எடுங்க.

அலுமினியத்தோட நல்ல குணம், லேசு, மெல்லிசு. காலியா இருக்கும்போது ஏறக்குறைய 115 கிராம், 30 ரவுண்டு பாலிமர் 140 பக்கம், ஸ்டீல்ல செஞ்ச எச்கே கம்பெனி மேகசின் 250 கிராம். உள்ள போடுற 30 தோட்டா மட்டுமே 360 கிராம் கிட்ட வந்துடும், அதனால அலுமினியத்துக்கும் பாலிமருக்கும் இடையில இருக்குற 25 கிராமை எண்ணி முடிவெடுக்காதீங்க. மெல்லிசா இருக்குறதுதான் நிஜமான லாபம், எந்த மேக்வெல்லிலயும் போகும், பையில ரெண்டு ரெண்டா சொருகினாலும் இழுத்தா வரும். கெட்ட குணம் மேல சொன்னதுதான், கான்கிரீட் தரையில வாய் கீழ படுற மாதிரி ஒரு தடவை விழுந்தா உதடு கோணிடும், பின்பக்கம் மூலையில முடி மாதிரி விரிசலும் விடும். ஸ்டீல் அதை விட கெட்டி, ஆனா கனம், அதோட ஹூஸ்டன் மாதிரி வருஷம் பூரா வேர்த்து ஒழுகுற ஊர்ல கவனிக்காம விட்டா துரு.

பாலிமர்னா நம்மாளுங்க மனசுல முதல்ல வர்றது இந்திய ராணுவத்தோட இன்சாஸ் துப்பாக்கிதான். 1999 கார்கில் போர்ல குளிர்ல அதோட பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டுச்சுன்னு அப்பவே செய்தி பரவலா வந்துச்சு, அதுலேருந்து "பிளாஸ்டிக்கா, ஐயோ வேணாம்"ங்கிற பேச்சு நின்னபாடில்ல. அந்த பயம் நியாயமானதுதான், ஆனா எல்லா பிளாஸ்டிக்கும் ஒண்ணு இல்ல. ஆஸ்திரியாக்காரன் 1970கள் கடைசியில கொண்டு வந்த ஸ்டேயர் ஆக் துப்பாக்கிலயும் உள்ள தோட்டா தெரியுற பிளாஸ்டிக் மேகசின்தான், அது இன்னைக்கும் ஓடுது. மேக்புல் கம்பெனி 2007ல பிமேக்ங்கிற பாலிமர் மேகசினைக் கொண்டு வந்த பிறகுதான் அமெரிக்காவுல பேச்சே மாறுச்சு, 2016 டிசம்பர்ல அமெரிக்க மரைன் கோர் படை அதோட மூணாவது தலைமுறையை அதிகாரப்பூர்வமா அனுமதிச்சாங்க. கண்ணாடி இழை கலந்த நைலான் மாதிரியான சரக்கு, டெக்சஸ் வெயில்ல கார் டிக்கியில கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது. உள்ளே முழுசா தெரியுற கண்ணாடி மாதிரி மேகசின்ல மட்டும் கொஞ்சம் கவனம், பாலிகார்பனேட் வகை பிளாஸ்டிக்கை கொசு விரட்டுற டீட் மருந்தும் சில கிளீனிங் கெமிக்கலும் அரிச்சுடும், கையில மருந்து தேய்ச்சுட்டு அப்படியே எடுத்து நிரப்பாதீங்க.

பாலிமருக்கு இன்னொரு குறை, நிரப்பியே வருஷக்கணக்குல வெச்சா ஸ்பிரிங் கீழேருந்து தள்ளிக்கிட்டே இருக்கும், மட்டமான பிளாஸ்டிக்னா உதடு மெதுவா விரியும். பழைய காலத்து பிளாஸ்டிக் மேகசின் பேர் கெட்டதுக்கு இதுவும் ஒரு காரணம். பிமேக் கூட ஒரு மூடி வருதே, அது தூசிக்கு மட்டும் இல்ல, தோட்டாவை கொஞ்சம் கீழ அமுக்கி உதட்டுக்கு பாரம் இல்லாம வெச்சுக்கவும்தான். ஆனா "நிரப்பி வெச்சா ஸ்பிரிங் செத்துடும்"னு ஒரு பேச்சு இருக்கு பாருங்க, அது அவ்வளவு சரி இல்ல, நல்ல ஸ்பிரிங் அமுக்கி வெச்சதால சாகாது, திரும்பத் திரும்ப அமுங்கி விரியுறதாலதான் தேயும். ரெண்டும் வேணும்னா லான்சர் மாதிரி உடம்பு பாலிமர், உதடு மட்டும் ஸ்டீல்னு வர்றது இருக்கு, விலை கொஞ்சம் ஜாஸ்தி, எனக்கு பிடிக்கும்.

அப்போ எதை எடுக்குறது? சாதா 5.56 தோட்டா போடுற ஏஆர், ரேஞ்சுக்கு மாசம் ரெண்டு தடவை, இல்ல போட்டியில ஓடிக்கிட்டே மேகசினை தரையில போட்டுட்டு அடுத்ததை சொருகுற ஆள்னா, கண்ணை மூடிக்கிட்டு நல்ல கம்பெனி பாலிமர். உங்க துப்பாக்கி மேக்வெல் இறுக்கமா இருக்கு, பட்டனை அமுக்கினா மேகசின் தானா விழ மாட்டேங்குதுன்னா, அங்க அலுமினியம் ஜெயிக்கும், பாலிமர் சுவர் தடிமன் அப்படி. பழைய தலைமுறை பிமேக் எச்கே 416 மாதிரி சில துப்பாக்கில சரியா உட்காராம மூணாவது தலைமுறையிலதான் அதை சரி பண்ணாங்க, அதனால யாராவது பழசை மலிவா தள்ளிவிட்டா எந்த தலைமுறைன்னு கேளுங்க. சில தோட்டாவுக்கு நம்ம விருப்பமே செல்லாது, 6.5 கிரெண்டல், 7.62x39 போடுற ஏஆர்னா தோட்டா பருமன், மேக்வெல் பழைய அளவு, நடுவுல தடிமனான பிளாஸ்டிக் சுவருக்கு இடம் பத்தாது, அங்க பெரும்பாலும் ஸ்டீல்தான் கிடைக்கும்.

ஏகே-47 வகை துப்பாக்கி வெச்சிருக்கவங்க கணக்கு தனி. ஏகே மேகசினை நேரா சொருக மாட்டோம், முன் கொக்கியை மாட்டிட்டு பின்னாடி ஆட்டி ஏத்துவோம், அந்த முன் கொக்கி மேலதான் அத்தனை பாரமும். முழு பிளாஸ்டிக் கொக்கின்னா என்னைக்காவது சிதையும், அதனால ஒண்ணு பழைய ஸ்டீல் மேகசின், ஏறக்குறைய 330 கிராம் கனம் ஆனா சுத்தியலுக்கு பதிலா பயன்படுத்தலாம், இல்ல கொக்கியிலயும் உதட்டுலயும் ஸ்டீல் பொதிச்ச பாலிமர். வெறும் பிளாஸ்டிக்கை ஏகேக்கு வாங்காதீங்க, நாலு டாலர் மிச்சம் பண்ணி என்ன ஆகப்போகுது.

இப்போ என் முட்டாள்தனம். சில வருஷம் முன்னாடி ஒரு கன் ஷோவுல பழைய அலுமினிய மேகசின் ஏழு மொத்தமா மலிவா கிடைச்சுது, அள்ளிட்டு வந்தேன். ரேஞ்சுல துப்பாக்கி அப்பப்ப ஜாம் ஆகுது, ஒரு நாள் ஆகுது ஒரு நாள் ஆகல, துப்பாக்கி உள்ள இருக்குற எக்ஸ்ட்ராக்டர்ங்கிற பாகத்தை மாத்தினேன், பஃபர்ங்கிற பாகத்தை மாத்தினேன், தோட்டா பிராண்டை மாத்தினேன், அறுபது எழுபது டாலர் போச்சு. கடைசியில பக்கத்து லேன்ல இருந்த பெரியவர் "மேகசின்ல நம்பர் போட்டு வெச்சிருக்கியா?"ன்னு கேட்டார். பெயிண்ட் மார்க்கரால 1லேருந்து 7 வரைக்கும் எழுதினேன், அடுத்த ரெண்டு வாரத்துல தெரிஞ்சு போச்சு, ஜாம் ஆன அத்தனை தடவையும் 4ஆம் நம்பர்தான். பார்த்தா புதுசு மாதிரி இருக்கு, கேஜ் வெச்சு அளந்தா உதடு விரிஞ்சிருக்கு. அதுலேருந்து எந்த மேகசின் வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை நம்பர் போடுறதுதான்.

நம்பர் போட்டதும் காலி மேகசின்ல ஃபாலோயரை ஒரு தடவை முன்பக்கம், ஒரு தடவை பின்பக்கம் விரலால அமுக்கிப் பாருங்க, சாய்ஞ்சு மாட்டிக்கிட்டா வேணாம். காலி துப்பாக்கில காலி மேகசினைப் போட்டு போல்ட்டை பின்னாடி இழுத்தா அது பின்னாடியே நிக்கணும், அப்புறம் பட்டனை அமுக்கினா மேகசின் விழணும். மீதிய ரேஞ்சுல பண்ணுங்க, குழாய் இலக்குப் பக்கம் பார்த்தபடி. 30 நிரப்பி, போல்ட் மூடியிருக்கும்போது சொருகி, கீழ இழுத்துப் பாருங்க, சரியா மாட்டலைன்னா கையோட வந்துடும். பழைய மேகசின் நிறைய இதுல இறுக்கமா அடம் பிடிக்கும், பலர் 28தான் போடுறது அதுக்குத்தான். ஒவ்வொரு மேகசினும் மூணு நாலு தடவை முழுசா ஓடின பிறகுதான் நம்பணும். உள்ளே எண்ணெய் மட்டும் ஊத்தாதீங்க, மண்ணையும் கரியையும் இழுத்து வெச்சு களிம்பாகிடும், காய்ஞ்ச துணியில துடைச்சா போதும். ஆன்லைன்ல பாதி விலைக்கு பிமேக் கிடைக்குதுன்னா, அது ஏர்சாஃப்ட் பொம்மை துப்பாக்கிக்கான காப்பியா இருக்கப் போகுது, பார்த்து.

300 பிளாக்அவுட்ங்கிற வேற தோட்டா போடுற ஏஆரும் வெச்சிருக்கீங்களா? அப்போ இதை ரெண்டு தடவை படிங்க. அந்த தோட்டா 5.56 மேகசின்லயே அழகா உட்காரும், அதே மேகசின் 5.56 துப்பாக்கிலயும் போகும், சில தோட்டா சேம்பருக்குள்ள, அதாவது தோட்டா நின்னு வெடிக்கிற அறைக்குள்ள, போயும் தொலையும், சுட்டா துப்பாக்கி வெடிச்சு கையோட முகமும் போகும். இங்கதான் பொருள் உதவுது, 5.56க்கு பாலிமர், 300க்கு அலுமினியம்னு பிரிச்சுட்டா இருட்டுல தடவினாலே தெரியும். இல்ல கலராவது வேற வேற வாங்குங்க, பையும் தனித்தனியா வெச்சுக்கங்க.

எத்தனை ரவுண்டு வெச்சிருக்கலாம்ங்கிறது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், டெக்சஸ்ல எல்லை இல்ல, கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி 10, கொலராடோ 15, கோர்ட்டுல கேஸும் ஓடிக்கிட்டே இருக்கு, வாங்குற அன்னைக்கு பாருங்க. வீடு மாறி வேற மாநிலம் போறவங்க கிளம்புறதுக்கு முன்னாடியே பாருங்க. ஊருக்கு கிளம்புறவங்க, ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போற பையை தயவு செஞ்சு பயணப் பையா எடுத்துட்டுப் போகாதீங்க. பை மூலையில மறந்த ஒத்தை தோட்டாவுக்கே இந்திய ஏர்போர்ட்டுல போலீஸ் கேஸ் ஆகுது, அங்க ஆயுதச் சட்டம் துப்பாக்கியோட பாகத்தையும் ஆயுதமாத்தான் பார்க்குது, "வெறும் மேகசின்தானே சார்"னு சொல்லி வெளிய வர முடியாது.

கெட்டுப்போன மேகசினை என்ன பண்றதுன்னு தம்பி கடைசியா கேட்டான். ஸ்பிரிங்கும் ஃபாலோயரும் அடித்தட்டும் நல்லா இருந்தா கழட்டி டப்பாவுல போட்டு வைங்க, என்னைக்காவது உதவும். உடம்பை அப்படியே குப்பைத் தொட்டியில போடாதீங்க, ரேஞ்ச் தொட்டியில கிடக்குறதை புதுசா வந்த பையன் எவனாவது "அட நல்லா இருக்கே"ன்னு எடுத்துட்டுப் போய் என்னை மாதிரி எக்ஸ்ட்ராக்டரை மாத்திக்கிட்டு இருப்பான். அலுமினியம்னா பூட்ஸ் காலால வாயிலேயே ஓங்கி ரெண்டு மிதி போதும், பாலிமருக்கு ரம்பம் வேணும். என் 4ஆம் நம்பர் மட்டும் இன்னும் கராஜ்ல ஆணியில தொங்குது, யாராவது பழைய மேகசின் மொத்தமா வாங்கப் போறேன்னு வந்தா கையில கொடுத்து எங்க தப்புன்னு கண்டுபிடின்னு கேப்பேன், இதுவரைக்கும் ஒருத்தரும் கண்டுபிடிக்கல.