மூக்கு அறுவைக்குப் பின் மூச்சு சீராகியிருப்பதை அளப்பது எப்படி?

மூக்கின் நடுச்சுவர் வளைவைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையின் பலனை அறிய, சிகிச்சைக்கு முன்பே ஓர் அளவைக் குறித்துவைக்க வேண்டும். ஒப்பிட ஒன்றுமில்லையென்றால், பின்னால் எடுக்கும் அளவால் பெரிதாகப் பயனிருக்காது.

இதற்கு 2004இல் வெளியான ‘நோஸ்’ வினாப்பட்டியலையே முதலில் பரிந்துரைப்பேன். கடந்த ஒரு மாதத்தில் மூக்கு கனத்தல், அடைப்பு, மூக்கால் மூச்சுவிடுவதில் சிரமம், தூக்கக் கோளாறு, உடற்பயிற்சியின்போது காற்றுப் போதாமை ஆகிய ஐந்தும் எவ்வளவு தொல்லை தந்தன என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகையை 5ஆல் பெருக்கினால், 100க்கு உங்கள் அளவு கிடைக்கும். எண் குறைந்தால் மூச்சு சீராகிறது என்று பொருள்.

காற்றோட்டத்தையே அளக்க, முகமூடி பொருத்திய உள்மூச்சு வேகமானியை மருத்துவமனையில் கேட்கலாம். வாயை மூடிக்கொண்டு மூக்கால் பலமாக உள்ளிழுக்கும்போது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று செல்கிறது என்பதை அது காட்டும். ஆறாத மூக்கில் இதைச் செய்யவே கூடாது. மருத்துவர் அனுமதித்த பிறகு, வெளியே ஊதாமல் மூன்று முறை உள்ளிழுத்து, அவற்றில் அதிகமான அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு துளை மட்டும் அடைத்தாற்போல் இருந்தால் உடனே கவலைப்பட வேண்டாம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரு பக்கமும் மாறி மாறி வீங்கி வடிவது இயற்கை. முதல் வாரங்களில் வீக்கமும் பொருக்கும் இருக்குமாதலால், மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் எடுக்கும் அளவுகளையே மருத்துவரிடம் காட்டுங்கள்.