‘ஆம்’ எத்தனை, ‘இல்லை’ எத்தனை: அமெரிக்க செனட்டரின் கொள்கையைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 மார்ச் 26 அன்று அமெரிக்க செனட்டில் பருவநிலை மாற்றத்தைச் சமாளிப்பதற்கான ‘கிரீன் நியூ டீல்’ திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 0, எதிர்ப்பு 57. ஜனநாயகக் கட்சித் தரப்பில் மீதி 43 பேர், பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது சொல்வதைப் போல ‘உள்ளேன்’ என்று மட்டும் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். அந்த 43 பேரில் எட் மார்க்கியும் ஒருவர். செனட்டில் அந்தத் திட்டத்தை முன்வைத்தவரே அவர்தான்.

பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது விடுகதையாக இருக்கும். விடை எளிது. வாக்கெடுப்பைக் கொண்டுவந்தவர் குடியரசுக் கட்சியின் மிட்ச் மெக்கானல், செனட்டின் அன்றைய பெரும்பான்மைத் தலைவர். விசாரணையும் கிடையாது, கமிட்டிப் பரிசீலனையும் கிடையாது. ஜனநாயகக் கட்சியினரைச் சங்கடத்தில் மாட்டிவிட வைத்த வாக்கெடுப்பு அது. பொறி என்று தெரிந்ததால் அவர்கள் காலை வைக்கவில்லை.

செனட்டில் விழும் ஒவ்வொரு வாக்கும் யாரோ கேட்ட ஒரு கேள்விக்கான பதில். கேட்டது யார், எதற்குக் கேட்டார் என்பதை விட்டுவிட்டுப் பதிலை மட்டும் எண்ணுவதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

நமக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. நம்மூரில் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் கட்சித்தாவல் தடைச் சட்டப்படி பதவியே போகலாம். அதனால் ஓர் எம்.பி.யின் வாக்கைத் தனியாக எடுத்துப் பார்க்கும் பழக்கமே நமக்குக் குறைவு. செனட்டிலும் கொறடா உண்டு, ஆனால் அவரால் யாருடைய பதவியையும் பறிக்க முடியாது. தனி ஆளின் வாக்குக்கு அங்கே எடை அதிகம். அதைத் தப்பாகப் படிக்கவும் வாய்ப்பு அதிகம்.

மதிப்பெண் அட்டையை அப்படியே நம்புவது

வாஷிங்டனில் இருக்கும் பல அமைப்புகள் ஆண்டுதோறும் சில வாக்குகளைத் தேர்ந்தெடுத்து செனட்டர்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுகின்றன. எந்த வாக்குகளைத் தேர்ந்தெடுப்பது என்பதை அந்த அமைப்பே முடிவு செய்கிறது. கேள்வித்தாள் தயாரிப்பவரும் திருத்துபவரும் ஒரே ஆள். அதில்கூடத் தப்பில்லை, அவர்கள் பார்வை அது. வராதவர்களை எப்படிக் கணக்கில் எடுத்தார்கள் என்பதுதான் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது.

லீக் ஆஃப் கன்சர்வேஷன் வோட்டர்ஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 2007-ஆம் ஆண்டுக்கு ஜான் மெக்கெய்னுக்குப் போட்ட மார்க் பூஜ்யம். அந்த ஆண்டு அவர் அதிபர் வேட்பாளராக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். அமைப்பு தேர்ந்தெடுத்த 15 வாக்கெடுப்புகளில் ஒன்றுக்கும் வரவில்லை. வராததை எதிர்த்ததாக வைத்துக்கொள்வது அவர்கள் விதி. ஆனால் 2003-இல் ஜோ லீபர்மனோடு சேர்ந்து பருவநிலை மசோதா கொண்டுவந்தவரும் இதே மெக்கெய்ன்தான். அது 43–55 என்று தோற்றது. பூஜ்யத்தைப் பார்ப்பவருக்கு அந்த மசோதா கண்ணில் படவே படாது.

ஒபாமா கதை இன்னும் பிரபலம். நேஷனல் ஜர்னல் பத்திரிகையின் தரவரிசையில் 2005-இல் அவர் 16-ஆவது இடதுசாரி செனட்டர், 2006-இல் 10-ஆவது, 2007-இல் முதலிடம். இரண்டு ஆண்டுகளில் ஒரு மனிதரின் கொள்கை இவ்வளவு தூரம் நகருமா? 2007 அவரும் பிரசாரத்தில் இருந்த ஆண்டு. பல வாக்கெடுப்புகளைத் தவறவிட்டார். நேரம் ஒதுக்கி வந்து போட்டவை கட்சிக்கு முக்கியமான வாக்குகளாக இருப்பது இயல்புதானே. 2003-ஆம் ஆண்டுக்கான முதலிடமும் பிரசாரத்தில் இருந்த ஜான் கெர்ரிக்கே கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பட்டியல் கொள்கையோடு பயணச்சீட்டையும் சேர்த்தே அளந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டிக் கொண்டாடிய கமலா ஹாரிஸுக்கும் இது நடந்தது. கவ்டிராக் என்ற தளம் 2019-ஆம் ஆண்டுக்கான கணக்கில் அவரை செனட்டிலேயே மிக இடதுசாரி என்று வரிசைப்படுத்தியது. அந்தக் கணக்கு வாக்குகளை வைத்துப் போட்டதே அல்ல. யார் யாருடைய மசோதாவில் கூட்டாகப் பெயர் சேர்த்தார்கள் என்பதை வைத்துப் போட்டது. அதுவும் ஒரே ஒரு ஆண்டுக்கு, அவரும் அதிபர் வேட்பாளராக இருந்த ஆண்டுக்கு. ஓராண்டுக் கணக்கு நம்பகமானது அல்ல என்று அந்தத் தளமே பிற்பாடு அந்த முறையைக் கைவிட்டது. 2024 பிரசாரத்தில் அந்த ‘முதலிடம்’ மட்டும் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

நடைமுறை வாக்கைக் கொள்கை வாக்காக எடுத்துக்கொள்வது

2021 அக்டோபர் 20. வாக்குரிமை மசோதா ஒன்றின் மீது விவாதத்தைத் தொடங்கலாமா என்ற வாக்கெடுப்பு. தேவை 60, கிடைத்தது 49. எதிர்த்து வாக்களித்தவர்களில் ஒருவர் சக் ஷூமர், அந்த மசோதாவை முன்னின்று நடத்திய, செனட்டின் ஜனநாயகக் கட்சித் தலைவர். அவர் மனம் மாறிவிடவில்லை. ஒரு தீர்மானத்தை மறுபடி எடுக்கக் கோருபவர் ஜெயித்த பக்கத்தில் வாக்களித்திருக்க வேண்டும் என்பது செனட் விதி. தோல்வி உறுதியானதும் தலைவர் தன் வாக்கை ‘இல்லை’ என்று மாற்றிக்கொள்வது அங்கே வழக்கமான வேலை. முன்பு அதே பதவியில் இருந்த ஹாரி ரீட் 2013-இல் துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் திருத்தத்தில் இதையே செய்தார். தலைவர்களின் வாக்குப் பதிவைப் படிக்கும்போது இப்படிப்பட்ட ‘இல்லை’களை முதலில் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

இன்னொரு வகை, ஒரே விஷயத்தில் இரண்டு வாக்குகள். ஈராக், ஆப்கானிஸ்தான் செலவுக்கான 87 பில்லியன் டாலர் மசோதாவைப் பற்றி 2004-இல் ஜான் கெர்ரி, எதிர்த்து வாக்களிக்கும் முன் நான் அதை ஆதரித்து வாக்களித்தேன் என்று சொல்லி மாட்டிக்கொண்டார். எதிரணி விளம்பரத்துக்கு அதைவிட நல்ல வரி கிடைத்திருக்காது. நடந்தது இதுதான்: பணக்காரர்களுக்கான வரிச்சலுகையைக் குறைத்து அந்தச் செலவை ஈடுகட்டலாம் என்ற திருத்தத்தை அவர் ஆதரித்தார். திருத்தம் தோற்றது. அது இல்லாமல் வந்த இறுதி மசோதாவை எதிர்த்தார். இரண்டு வாக்கையும் பக்கத்தில் வைத்தால் அவர் நிலை புரிகிறது. ஒன்றை மறைத்தால் பல்டி அடித்ததாகத் தெரிகிறது. (அவர் சொன்ன விதமும் மோசம்தான், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.)

முடிவு ஏற்கெனவே தெரிந்த வாக்கெடுப்பையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக ஏமி கோனி பாரெட்டின் நியமனம் 52–48 என்று தேறியது. சூசன் காலின்ஸ் மட்டும் குடியரசுக் கட்சியிலிருந்து எதிர்த்தார். அவர் வாக்கு இல்லாமலே தேறும் என்று எல்லோருக்கும் தெரியும், ஒரு வாரத்தில் மெய்ன் மாநிலத்தில் அவருக்குத் தேர்தல். தேர்தலுக்கு முன் நியமிக்கக் கூடாது என்று அவர் சொன்ன காரணம் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் 2017 ஜூலையில் ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் ரத்து 49–51 என்று தோற்றபோது அவர் போட்ட வாக்கோடு இதைச் சமமாக எடை போடக் கூடாது. அன்று தங்கள் குடியரசுக் கட்சியை மீறி எதிர்த்த அவர், லிசா மர்கவ்ஸ்கி, மெக்கெய்ன் மூவரில் ஒருவர் மாறியிருந்தாலும் முடிவு மாறியிருக்கும்.

ஒரே ‘இல்லை’, எதிர் எதிர் காரணம்

2008 அக்டோபர் 1-இல் வங்கிகளைக் காப்பாற்றும் 700 பில்லியன் டாலர் திட்டம் செனட்டில் 74–25 என்று நிறைவேறியது. எதிர்த்த 25 பேரில் பெர்னி சாண்டர்ஸ் இருந்தார், ஜிம் டிமிண்டும் இருந்தார். ஒருவர் தன்னைச் சோஷலிஸ்ட் என்று அழைத்துக்கொள்பவர், மற்றவர் செனட்டின் வலதுகோடி. வால் ஸ்ட்ரீட்டுக்கு மக்கள் பணமா என்று ஒருவர் எதிர்த்தார். சந்தையில் அரசு கை வைக்கலாமா என்று மற்றவர் எதிர்த்தார். பதிவேட்டில் இருவருக்கும் அதே ஒற்றைச் சொல்.

கணித முறைகள் தடுமாறுவதும் இங்கேதான். கீத் பூல், ஹோவர்ட் ரோசன்தால் இருவரும் உருவாக்கிய டி.டபிள்யூ.-நாமினேட் முறை ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்துவது. பெயர் பதிவாகும் வாக்குகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, யார் யாரோடு சேர்ந்து வாக்களிக்கிறார் என்பதை வைத்து ஒவ்வொருவரையும் ஏறத்தாழ −1 முதல் +1 வரையான ஒரு கோட்டில் உட்காரவைக்கிறது. மசோதாவில் என்ன எழுதியிருக்கிறது என்று அது படிப்பதில்லை. அதனால் கட்சியை இன்னும் இடது பக்கம் இழுக்க நினைத்துத் தன் கட்சியையே எதிர்க்கும் ஒருவரை அது நடுநிலையாளர் பக்கம் தள்ளிவிடக்கூடும். பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சியின் இடதுகோடியில் இருக்கும் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கார்டெஸுக்கு இப்படித்தான் ஆனது. எண்ணைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பத்து ஆண்டுகள், ஆயிரக்கணக்கான வாக்குகள் என்று வரும்போது அதைவிட நல்ல கருவி கையில் இல்லை. இவர் யார் கூட்டத்தில் நிற்கிறார் என்பதை அது நன்றாகவே சொல்லும். ஏன் அங்கே நிற்கிறார் என்பதை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

கமிட்டியின் பெயரைப் பார்த்து ஆளை முடிவு செய்வது

சுற்றுச்சூழல் கமிட்டியின் தலைவர் என்றால் சுற்றுச்சூழல் ஆர்வலராக இருப்பார் என்று தோன்றும். அந்தக் கமிட்டியின் தலைவராக இருந்தவர்தான் ஓக்லஹோமாவின் ஜிம் இன்ஹோஃப். 2015 பிப்ரவரியில் புவி வெப்பமாதலைக் கிண்டல் செய்ய செனட்டுக்குள் பனி உருண்டையைக் கொண்டுவந்து எறிந்தவர். சுவாரசியம் இதோடு முடியவில்லை. அதே கமிட்டியில் பருவநிலை விஷயத்தில் அவருக்கு நேர் எதிரியான பார்பரா பாக்ஸரோடு சேர்ந்து நெடுஞ்சாலை மசோதாக்களை நிறைவேற்றிக் காட்டினார். கமிட்டியின் முழுப்பெயரில் ‘பொதுப்பணிகள்’ என்றும் இருப்பதை நாம் மறந்துவிடுகிறோம். சாலை போடும் பணம் அங்கேதான் இருக்கிறது.

கமிட்டி இடங்களைக் கட்சிகள் பங்கிடுகின்றன. பணி மூப்பு பேசும், மாநிலத்தின் தேவையும் பேசும். விவசாய மாநிலத்துக்காரர் விவசாயக் கமிட்டி கேட்பார், நிலக்கரி மாநிலமான மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மேன்ச்சின் எரிசக்திக் கமிட்டிக்குத் தலைமை வகித்தார். அயோவாவின் சக் கிராஸ்லி வலதுசாரி, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் காற்றாலை மின்சாரத்துக்கான வரிச்சலுகையை 1992-இல் கொண்டுவந்தவர் அவர்தான். அயோவாவின் காற்றைத் தெரிந்தவருக்கு இதில் வியப்பில்லை. மாநிலத்தின் நலனை முதலில் கழித்துவிட்டு, மீதி எஞ்சுவதில்தான் கொள்கையைத் தேட வேண்டும்.

விசாரணைகளில் கேமரா முன்னால் பேசும் ஐந்து நிமிடப் பேச்சுக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. மசோதாவின் வாசகத்தை உட்கார்ந்து மாற்றும் கமிட்டி அமர்வில் யார் என்ன திருத்தம் கொடுத்தார், எதை விட்டுக்கொடுத்தார் என்பதில் ஆள் தெரிவார். அந்த விவரம் சபை வாக்குகளைப் போல ஒரே இடத்தில் அடுக்கிக் கிடைக்காது. கமிட்டி அறிக்கைகளைத் தேடிப் படிக்க வேண்டும். அலுப்பான வேலை, அதனால்தான் பலர் அந்தப் பக்கம் போவதில்லை.

நடக்காததைக் கணக்கில் விடுவது

2016 மார்ச் 16-இல் ஒபாமா மெரிக் கார்லண்டை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். நீதித்துறைக் கமிட்டியின் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் 11 பேரும், யாரை நியமித்தாலும் விசாரணை கிடையாது என்று அதற்கு முன்பே கடிதம் கொடுத்திருந்தார்கள். அடுத்த ஜனவரி வரை நியமனம் அப்படியே கிடந்து காலாவதியானது. அந்த ஆண்டில் அந்தக் கமிட்டி செய்த மிகப் பெரிய காரியம் இதுதான். கார்லண்ட் மீது ஒருவர்கூட வாக்களித்ததாகப் பதிவு கிடையாது.

டாமி டியூபர்வில் இன்னொரு உதாரணம். கருக்கலைப்புக்காக வெளிமாநிலம் போகும் ராணுவத்தினருக்குப் பயணச் செலவு தரும் கொள்கையை எதிர்த்து, 2023-இல் 400-க்கும் மேற்பட்ட ராணுவப் பதவி உயர்வுகளை மாதக்கணக்கில் ஒற்றை ஆளாக நிறுத்திவைத்தார். இந்தப் பதவி உயர்வுகள் வழக்கமாக எல்லோருடைய சம்மதத்தோடும் மொத்தமாக, வாக்கெடுப்பே இல்லாமல் தேறிவிடும். ஒருவர் மறுத்தால் போதும், ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அவருடைய வாக்குப் பட்டியலை மட்டும் புரட்டுபவருக்கு அந்தப் பத்து மாத முட்டுக்கட்டையின் அளவு தெரியாது. செனட்டில் நிறைவேறுபவற்றில் பெரும்பகுதி இப்படிப் பெயர் பதிவாகாமல் நிறைவேறுவதுதான்.

ஆள் மாறுவதும் உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நியூயார்க்கின் கிர்ஸ்டன் கில்லிபிராண்ட் கிராமப்புறத் தொகுதியின் பிரதிநிதியாக இருந்தபோது துப்பாக்கிச் சங்கமான என்.ஆர்.ஏ. அவருக்கு ‘ஏ’ கொடுத்தது. 2009-இல் மாநிலம் முழுவதற்குமான செனட்டர் ஆனார், அடுத்த தேர்தலுக்குள் அது ‘எஃப்’ ஆகிவிட்டது. இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எந்தக் காலத்திலும் இல்லாத ஒரு கில்லிபிராண்ட் கிடைப்பார்.

கிராஸ்லியும் அப்படி ஒரு விஷயத்தில் நகர்ந்தவர். போதைப்பொருள் வழக்குகளுக்கான கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையைத் தளர்த்தும் யோசனையை முதலில் கடுமையாக எதிர்த்தார். நீதித்துறைக் கமிட்டித் தலைவரான பிறகு, 2015 அக்டோபரில், டிக் டர்பின் உள்ளிட்ட இரு கட்சியினரோடும் சேர்ந்து அதே திசையில் ஒரு மசோதாவை அவரே கொண்டுவந்தார். அது சபைக்கு வரவில்லை. 2018 பிப்ரவரியில் மறுபடி கமிட்டியில் வைத்து, அப்போதைய அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தும் 16–5 என்று தேற்றினார். அதிலிருந்து சில பகுதிகள் ‘ஃபர்ஸ்ட் ஸ்டெப்’ சட்டத்தில் சேர்ந்தன. டிசம்பர் 18-இல் செனட் அதை 87–12 என்று நிறைவேற்றியது. அந்த 87 பெயர்களில் கிராஸ்லியின் பெயரும் ஒன்று, கடைசி நாளில் வந்து கை தூக்கியவர்களின் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில்.